தொண்ணூறு வயதில் பாரம் தூக்கியவர்கள்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதில் பங்குபற்றியவர்கள் மொத்தமே 10 பேர். எல்லோரும் பொஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்தவர்கள். வயது 86 முதல் 96 வரை. அவர்களை வாரத்தில் 3 நாள் பாரம் தூக்க வைத்தார்கள். அதுவும் லேசான பாரம் இல்லை. அவரவரால் தூக்க முடிந்த உச்சப் பாரத்தில் 80 விழுக்காடு!

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு அந்த 80 விழுக்காடு என்றால் என்னவென்று தெரியும். ஏழாவது, எட்டாவது தடவை தூக்கும்போது முகம் கோணும், கால் நடுங்கும். அதைத் தொண்ணூறு வயதுக்காரர் செய்தார்கள்.

பாரம் தூக்கினால் தசை பெருக்கும் என்பது மிகப் பழைய செய்தி. வயது போனால் தசை கரையும் என்பதும் பழைய செய்திதான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து, வயது போனவர் பாரம் தூக்கினால் என்ன நடக்கும் என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க 1980கள் வரை ஏன் காத்திருக்க வேண்டி வந்தது? இந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. வாசித்துக்கொண்டு போகப் போக, விடை ஆய்வுகூடத்தில் மட்டும் இல்லை, எங்கள் வீட்டு வரவேற்பறையிலும் இருக்கிறது என்று புரிந்தது.

மைலோவின் கைகள்

கி.மு. 6ஆம் நூற்றாண்டு. இன்றைய தென் இத்தாலியில், கிரேக்கர் குடியேறிய க்ரோட்டன் என்ற ஊரில் மைலோ என்று ஒரு மல்யுத்த வீரர் இருந்தார். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் 6 முறை வென்றவர் என்று சொல்வார்கள். எங்களில் பலர் சின்ன வயதில் குடித்த மைலோ பானத்துக்குப் பெயர் வந்ததும் இவரிடமிருந்துதான். இவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் தூக்கி நடந்தாராம். கன்று வளர வளர அவருடைய பலமும் வளர்ந்ததாம். கடைசியில் முழு மாட்டையே தூக்கினாராம். கதை கதைதான். ஆனால் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்ற விதி அதற்குள் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மைலோவைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. இதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. கி.மு. 44இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ முதுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 84 வயது கேட்டோ என்ற பெரியவர் இளைஞர்களோடு பேசுவதாக அமைத்தார். கேட்டோ மைலோவின் கதையை எடுக்கிறார். வயது போன மைலோ, இளைஞர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்து, இவை செத்துப் போய்விட்டனவே என்று அழுதாராம். கேட்டோவுக்கு அந்த அழுகை பிடிக்கவில்லை. உடல் பலம் போனால் என்ன, அறிவு இருக்கிறதே என்பது அவருடைய கட்சி. முதுமையோடு நோயோடு போராடுவதைப் போலப் போராட வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். அதற்கு வழியாக மிதமான உடற்பயிற்சியையும் அளவான சாப்பாட்டையும் காட்டுகிறார்.

மிதமான. இந்த ஒரு சொல் அதன் பிறகு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நின்று பிடித்தது. வயதானவர்களுக்கு மிதமான நடை, மிதமான காற்று, மிதமான அசைவு. கெட்ட அறிவுரை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மிதம் போதுமா என்று அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

ஐல்வேர்த்தில் 714 பேர்

நான் வளர்ந்தது மேற்கு லண்டனில், ஹவுன்ஸ்லோ பக்கம். ஐல்வேர்த்தில் உள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். முதியோர் மருத்துவம் என்ற துறையின் முக்கியமான ஒரு தொடக்கம் அந்த வளவுக்குள்தான் நடந்தது.

1935இல் அந்த மருத்துவமனை, பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்றது. அங்கே 714 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பலர் பல ஆண்டுகளாகக் கட்டிலை விட்டு இறங்காதவர்கள். அவர்களைப் பார்க்கும் வேலை டொக்டர் மார்ஜரி வொரன் என்ற பெண்மணியிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். யாருக்கு உண்மையில் என்ன நோய், யார் வெறுமனே படுத்துப் படுத்தே நடக்க முடியாமல் போனவர் என்று பிரித்தார். வார்டுக்கு வெளிச்சம் கூட்டினார். பிடித்து நடக்கக் கைப்பிடிகள், எழும்ப வசதியான கதிரைகள் ஏற்பாடு செய்தார். படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி நடக்கப் பழக்கினார். இனி எழும்ப மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களில் பலர் எழும்பினார்கள். சிலர் வீட்டுக்கே போனார்கள். 1943இலும் 1946இலும் மருத்துவ இதழ்களில் இதைப் பற்றி எழுதினார்.

1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு லண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பதால் வரும் கேடுகளை உடலின் ஒவ்வொரு பகுதியாக எடுத்துப் பட்டியல் போட்டார். இரத்தம் கட்டிப் போகும், எலும்பில் இருந்து கல்சியம் கழரும், தோல் புண்ணாகும், தசை கரையும். அந்தக் காலத்தில் ஓய்வு என்பது எல்லா நோய்க்கும் மருந்து. ஆஷர் அந்த மருந்துக்கே பக்கவிளைவு எழுதினார் என்று சொல்லலாம்.

இவர்கள் இருவரிடமும் இருந்து ஒரு பாடம் கிடைத்தது. நாங்கள் முதுமை என்று நினைக்கும் பலவீனத்தில் ஒரு பங்கு, சும்மா இருத்தி வைத்ததால் வந்தது. ஆனால் இருவரும் எழுப்பி நடக்க வைப்பதோடு நின்றார்கள். பாரம் அடுத்த நாட்டில் இருந்து வந்தது.

இரும்புச் சப்பாத்து

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம். சிக்காகோவில் கார்டினர் இராணுவ மருத்துவமனை, முழங்கால் உடைந்த வீரர்களால் நிறைந்திருந்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தாலும் தொடைத்தசை சூம்பிக் கிடந்ததால் அவர்களால் மாதக்கணக்கில் நடக்க முடியவில்லை. அக்காலத்துப் பயிற்சி முறை லேசான பாரம், நிறையத் தடவைகள் என்பதுதான்.

அங்கே வேலை செய்த டொக்டர் தோமஸ் டிலோர்ம் பதின்ம வயதில் வாதக் காய்ச்சலில் விழுந்து நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர். பிறகு பாரம் தூக்கித்தான் தன் உடம்பைத் தேற்றியவர். தனக்கு வேலை செய்தது வீரர்களுக்கு ஏன் வேலை செய்யாது என்று கேட்டார். இரும்பால் செய்த சப்பாத்து ஒன்றைக் காலில் கட்டி, அதில் பாரத் தட்டுகளைக் கோத்து, கட்டில் விளிம்பில் இருந்தபடி முழங்காலை நீட்டச் சொன்னார். பத்துத் தடவை மட்டும் தூக்கக்கூடிய பாரம் எது என்று கண்டுபிடிப்பார். அது இலகுவானதும் பாரத்தைக் கூட்டுவார். மைலோவின் கன்றுக்குட்டிக் கதைதான், ஆனால் இப்போது கொப்பியில் எண்களோடு.

1945இல் அவர் தன் முறையை வெளியிட்டார். முதலில் பத்துப் பத்தாக ஏழு சுற்றுகள் அல்லது அதற்கு மேலும் செய்ய வைத்தவர், பின்னர் மூன்று சுற்றே போதும் என்று குறைத்தார். இன்று உலகம் முழுக்க ஜிம்களில் மூன்று சுற்று, பத்துத் தடவை என்கிறோமே, அதற்கு வேர் இங்கே இருக்கிறது.

பாரம் மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் யாருக்கு? இருபது வயது வீரர்களுக்கு.

கதவு அரைவாசி திறந்தது

அடுத்த சில பத்தாண்டுகளில் உடற்பயிற்சி என்றாலே இதயம் என்று ஆனது. 1968இல் கென்னத் கூப்பர் எழுதிய ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலுக்குப் பிறகு ஓட்டமும் விரைநடையும் பரவின. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1978இல் வளர்ந்தவர்களுக்கு வெளியிட்ட உடற்பயிற்சிப் பரிந்துரை முழுக்க இதயமும் சுவாசமும்தான். பாரப் பயிற்சி அதில் 1990இல்தான் சேர்ந்தது.

இதற்கிடையே கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் முதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1980இல் அவரும் தோஷியோ மொரிதானியும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். சில இளைஞர்கள், சில முதியவர்கள், 8 வாரப் பாரப் பயிற்சி. இரு பகுதியினருக்கும் பலம் கூடியது. இளைஞர்களின் தசை பெருத்தது. முதியவர்களுக்கோ தசை பெருத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கூடிய பலம் நரம்பால் வந்தது என்று முடிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் தசை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தசை பல்லாயிரம் நார்களால் ஆனது. முதுகுத்தண்டில் இருந்து வரும் ஒவ்வொரு நரம்பும் ஒரு கூட்டம் நார்களை ஆள்கிறது. நீங்கள் எழும்ப நினைக்கும்போது எத்தனை நரம்புகள், எவ்வளவு வேகமாகச் சமிக்ஞை அனுப்புகின்றன என்பதைப் பொறுத்தே பலம் வரும். அதனால் பலம் கூட இரண்டு வழி உண்டு. ஒன்று, இருக்கிற நார்களை நரம்பு இன்னும் நன்றாக வேலை வாங்கலாம். மற்றது, நார்களே தடிக்கலாம்.

வயது போகப் போக அந்த நரம்புகளில் சில இறந்துபோகின்றன. அவை ஆண்ட நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுக்கும். மற்றவை அழிந்துவிடும். 1988இல் சுவீடன் ஆய்வாளர்கள் 15 முதல் 83 வயதுக்குள் இறந்துபோன, அதற்கு முன் உடல் நலத்தோடு இருந்த 43 ஆண்களின் தொடைத்தசையை முழுமையாக ஆராய்ந்தார்கள். தசை குறைவது 25 வயதளவிலேயே தொடங்குகிறது, பிறகு வேகம் பிடிக்கிறது என்று கண்டார்கள். முக்கிய காரணம் நார்களின் எண்ணிக்கை குறைவது. கூடவே சில நார்கள் மெலிகின்றன, அதிலும் திடீர் வேகத்துக்கு உதவும் நார்கள். கால் தடக்கினால் சட்டென்று மறு காலை வைத்துச் சமாளிக்க உதவுபவை அவைதான்.

ஆக, 1980களின் நடுவில் பொதுவான எண்ணம் இதுதான்: வயதானவருக்குப் பயிற்சியால் நரம்பு கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம், ஆனால் தசை இனி வளராது.

பொஸ்டன்

பொஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமெரிக்க விவசாயத் திணைக்களம் முதுமையும் உணவும் பற்றி ஓர் ஆய்வு நிலையம் நடத்துகிறது. அங்கே வோல்டர் ஃப்ரொன்டேரா, வில்லியம் எவன்ஸ் ஆகியோரின் குழு, ஒருவேளை பாரம் போதாமல் இருந்திருக்குமோ என்று யோசித்தது. 60 முதல் 72 வயது வரையான 12 ஆண்களைத் தெரிந்தெடுத்தார்கள். உச்சப் பாரத்தில் 80 விழுக்காடு, 8 தடவை, 3 சுற்று, வாரம் 3 நாள், 12 வாரம். தொடையை சி.டி. ஸ்கேன் எடுத்து அளந்தார்கள்.

1988இல் முடிவு வந்தது. முழங்காலை நீட்டும் பலம் 107 விழுக்காடு கூடியிருந்தது, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். தொடைத்தசையின் பரப்பு 11 விழுக்காடு பெருத்திருந்தது. கிழட்டுத் தசை வளரும்!

சரி, அறுபதுகளில் இருப்பவர்கள் நல்ல திடகாத்திரமானவர்கள். தொண்ணூறில்? டொக்டர் மரியா ஃபியட்டரோன் என்ற முதியோர் மருத்துவர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பொஸ்டனின் ஹீப்ரூ புனர்வாழ்வு நிலையத்துக்குப் போனார். நான் முதலில் சொன்ன 10 பேர் அங்கே வாழ்ந்தவர்கள்தான். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்கள் இருந்தன. அந்த நாளைய எண்ணப்படி பார்த்தால், இவர்களுக்குப் பாரம் கொடுப்பது பொறுப்பில்லாத வேலை. எலும்பு முறிந்தால்? இதயம் நின்றால்? அதனால் மிகக் கவனமாக, நேரடிக் கண்காணிப்பில் செய்தார்கள். முதல் வாரம் பாதிப் பாரம். பிறகு 80 விழுக்காடு.

8 வாரம். ஒருவர் இடையில் விலகினார், 9 பேர் முடித்தார்கள். அவர்களின் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. எளிதாகச் சொன்னால், முன்பு 10 கிலோ தள்ளியவர் இப்போது 27 கிலோவுக்கு மேல் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடைத்தசை 9 விழுக்காடு பெருத்தது. ஓரடிக்கு முன் ஓரடி வைத்து நேர்கோட்டில் நடக்கும் வேகம் 48 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலைக் கைவிட்டார்கள்.

இன்னோர் எண்ணையும் சொல்ல வேண்டும். பயிற்சியை நிறுத்தி 4 வாரம் கழித்து மறுபடி அளந்தபோது, உச்சப் பலத்தில் 32 விழுக்காடு போயிருந்தது. அந்த வயதில் தசை வேகமாக வரவும் செய்யும், வேகமாகப் போகவும் செய்யும்.

10 பேரை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது என்பது அவருக்கும் தெரியும். 1994இல் அதே நிலையத்தில் 100 பேரோடு பெரிய ஆய்வு வந்தது. சராசரி வயது 87. நான்கு பிரிவுகள்: சிலருக்குப் பாரப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 10 வாரம் கழித்து, பயிற்சி செய்தவர்களின் பலம் 113 விழுக்காடு கூடியிருந்தது. செய்யாதவர்களுக்கு 3 விழுக்காடு. பயிற்சி செய்தவர்களின் நடை வேகமும் படியேறும் பலமும் கூடின.

சத்துப் பானம்? பயிற்சி இல்லாமல் அதை மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவில்லை. பயிற்சியும் பானமும் சேர்ந்த பிரிவில் மட்டும்தான் அவர்கள் ஒரு நாளில் உட்கொண்ட மொத்தச் சக்தியே தெளிவாகக் கூடியது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு சேரும். வயதானவர் கொஞ்சம் தளர்ந்தாலே ஒரு பெரிய சத்துமா டின்னோடு பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

தள்ளாமைக்கு ஒரு பெயர்

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1988இல் நியூ மெக்சிகோவின் அல்புகேர்க்கி நகரில் முதியோரின் உடல்நிலையை அளப்பது பற்றி ஒரு கூட்டம். அதே பொஸ்டன் நிலையத்தின் தலைவர் இர்வின் ரோசன்பெர்க் அங்கே ஒரு கேள்வி எழுப்பினார். முதுமையில் நடக்கும் மாற்றங்களில் தசையிழப்பைப் போல வாழ்க்கையைப் பாதிப்பது வேறொன்றும் இல்லை, அப்படி இருக்க அதற்கு ஒரு பெயர்கூட இல்லாதது ஏன்? பெயர் இல்லாவிட்டால் ஆய்வுக்குப் பணம் வராது, மருத்துவர் கவனிக்க மாட்டார். கிரேக்கத்தில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை, ‘பீனியா’ என்றால் பற்றாக்குறை. இரண்டையும் சேர்த்து ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தது வேலை செய்தது, ஆனால் மெதுவாக. 2010இல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று அதை எப்படிக் கண்டறிவது என்று வரையறை செய்தது. 2014இல் ஆசியக் குழு ஒன்று ஆசிய உடல்களுக்கு ஏற்ற அளவுகளை வெளியிட்டது. 2016 அக்டோபரில் அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இலக்கம் கிடைத்தது. அதாவது, மைலோ அழுத விடயம் ஒரு நோயாகப் பதிவாக ஏறத்தாழ 2500 ஆண்டுகள் எடுத்தது.

தமிழில் எங்களிடம் பெயர் முன்பே இருந்தது. தள்ளாமை. தள்ளாத வயது என்கிறோமே, அதேதான். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது டிலோர்மின் இரும்புச் சப்பாத்து ஞாபகம் வருகிறது. தள்ள முடியாத வயதா, தள்ளக் கொடுக்காத வயதா?

எங்கள் ஆட்கள்

இந்த வரலாற்றின் ஓரத்தில் எங்களுக்கும் ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இராணுவத்தினர் இந்தியாவில் மல்லர்கள் சுழற்றிய மரக்கட்டைகளைப் பார்த்துத் தாங்களும் பழகினார்கள். நாங்கள் கர்லாக்கட்டை என்று சொல்வதுதான் அது. 1834இல் லண்டனில் டொனால்ட் வோக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் அது இடம்பிடித்தது. பிறகு ‘இந்தியன் கிளப்’ என்ற பெயரில் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது. தமிழ்நாட்டின் தென்பகுதி ஊர்களில் இளவட்டக்கல் என்று ஓர் உருண்டைக் கல் இருக்கும். அதைத் தூக்கினால்தான் ஆம்பிளை, பெண் கொடுக்கலாம் என்பது பழைய வழக்கம். பெயரையே பாருங்கள், இளவட்டம். எங்களிடமும் பாரம் இளசுகளின் சொத்துத்தான்.

ஆனால் யாரும் பயிற்சி என்று பெயர் வைக்காத ஒரு பாரப் பயிற்சி எங்கள் பாட்டிமாரிடம் இருந்தது. என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர், அம்மியில் அரைத்தவர், உரலில் இடித்தவர். நிலத்தில் இருந்து சாப்பிட்டு, கை ஊன்றாமல் எழும்பியவர். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்? பிறகு லண்டன் வந்தார். குழாயில் தண்ணீர், மிக்சியில் சட்னி, மெத்தென்ற சோபா. வெளியே குளிர். வீட்டுக்குள் அவர் எழும்பினால் நாலு பேர் ஓடி வருவார்கள். “நீங்க இருங்கோ அம்மம்மா, நான் எடுத்துத் தாறன்.” இது எங்கள் மரியாதை, எங்கள் அன்பு. ஐல்வேர்த்தின் 714 கட்டில்களும் ஒரு வகையில் அக்கறையாகத்தான் தொடங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

போன மாரியில் அம்மம்மாவுக்குக் கால் தளர்ந்தபோது வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். குசினிக் கதிரையில் இருந்து கையைப் பிடிக்காமல் பத்துத் தடவை எழும்பி இருக்கச் சொன்னார். அடுத்த கிழமை கணுக்காலில் கட்டும் பாரம் கொண்டு வந்தார். பார்க்க வந்த பெரிய மாமிக்குப் பொறுக்கவில்லை. “இந்த வயசில ஏன் மனுசியைப் போட்டு வதைக்கினம்?” என்றார். அம்மம்மா திரும்பிப் பார்த்து, “துலாவில தண்ணி அள்ளின ஆளடி நான். இது என்ன பாரம்?” என்றார். எனக்கு பொஸ்டன் ஆய்வுகளைத் தேடி வாசிக்க ஆசை வந்ததே அந்தப் பதிலால்தான்.

எங்களுக்கு இது இன்னும் முக்கியம் என்று நினைக்க ஒரு காரணமும் உண்டு. கனடாவின் ஹமில்டன் நகரில் இருந்து வழிநடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 140,000 பேரின் கைப்பிடிப் பலத்தை அளந்து சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. பிடிப் பலம் 5 கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. அதே ஆய்வில் தெற்காசியர்களின் சராசரிப் பிடிப் பலம் ஐரோப்பியர்களைவிடக் குறைவாக இருந்தது. பிடிப் பலம் குறைந்ததால்தான் இறக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பு முழுக்க என்ன நடக்கிறது என்பதை ஒரு கைகுலுக்கல் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் குறைந்த சேமிப்போடு முதுமைக்குள் போகிறவர்கள் நாங்கள் என்பதை அது சொல்கிறது.

அதன் பிறகு

பொஸ்டனுக்குப் பின் பல நாடுகள் சேர்ந்துகொண்டன. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 80 வயதைத் தாண்டிய 233 பெண்களோடு ஓர் ஆய்வு நடந்தது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கணுக்கால் பாரமும் சமநிலைப் பயிற்சியும் பழக்கினார். பயிற்சி செய்தவர்கள் விழுவது குறைந்தது. 1997இல் வெளியான அந்த முறை இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அம்மம்மாவின் கணுக்கால் பாரமும் அந்த வழியில் வந்ததுதான்.

அவுஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் 2018இல் இன்னும் துணிவான ஒன்றை வெளியிட்டது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களில் ஒரு பிரிவினருக்கு, வாரம் 2 நாள், அரை மணி நேரம், டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் பாரம் தூக்குதல். உச்சத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல். எலும்பு முறியும் என்று பயந்து விலக்கி வைத்த அதே பயிற்சிகள். 8 மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. சிசரோவின் மிதத்துக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொரு தடவையும் நிபுணரின் கண்காணிப்பில் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதுப்பித்த பரிந்துரையில், 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசையைப் பலப்படுத்த வேண்டும், சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியை 3 நாளாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. நடை மட்டும் போதும் என்று அதில் இல்லை. எங்கள் பெரியவர்களில் பலர் பூங்காவில் நன்றாக நடக்கிறார்கள். நல்லது, விட வேண்டாம். ஆனால் நடை இதயத்துக்கு. கதிரையில் இருந்து எழும்பத் தொடைக்குப் பாரம் வேண்டும்.

உங்களிடம் கேட்பது

இந்தப் பதிவை வாசிக்கும் உங்களில் பலர் இருபதுகளில் இருப்பீர்கள். அந்தச் சுவீடன் ஆய்வின் 25 வயதை நினைவில் வையுங்கள். இப்போது சேர்க்கும் தசை பிற்காலத்துச் சேமிப்பு. அது உங்கள் பங்கு.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. கைப்பிடி இல்லாத ஒரு திடமான கதிரையைச் சுவரோடு வையுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு 5 தடவை எழும்பி இருக்க எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். 15 விநாடிக்கு மேல் என்றால் தசை தளர்ந்திருக்கலாம் என்று ஐரோப்பியக் குழு சொல்கிறது. ஆசியக் குழு இன்னும் கண்டிப்பானது, 12 விநாடியிலேயே கவனிக்கச் சொல்கிறது. கூடுதலாக எடுத்தால் பயப்பட வேண்டாம். குடும்ப மருத்துவரிடம் சொல்லி, பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இதய நோய், அண்மையில் சத்திரசிகிச்சை, அடிக்கடி தலைச்சுற்று உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் பாரம் கொடுக்கக் கூடாது.

உங்கள் பெரிய மாமிமார் வதைக்கிறீர்கள் என்று சொல்வார்கள். அப்போது பொஸ்டனின் அந்த 9 பேரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் யாரும் இளமைக்குத் திரும்பவில்லை. ஆனால் பிறர் வந்து தூக்கும்வரை காத்திராமல் எழும்புவதற்கு அவர்களிடம் கொஞ்சம் கூடுதல் பலம் இருந்தது. தொண்ணூறு வயதில் அது சின்ன விடயம் இல்லை.